பாடி என்றால் கூடைக்குக் கீழே

வனஜாவுடையது ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த தொண்டை. மைதானத்தின் இந்த மூலையில் நின்று கத்தினால் அந்த மூலையில் மேய்கிற மாடு நிமிர்ந்து பார்க்கும். பாஸ்கெட்பால் ஆடியே காலேஜில் சீட் வாங்கியவள், அம்பத்தூர் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் கோச்சாகவும் ஆனாள்.

ஆட்ட முறைகளின் இங்கிலீஷ் பெயர்கள் அங்கே ஒருத்தி மண்டையிலும் நிற்கவில்லை. ஒருநாள் கடுப்பில், "பாடி பாலத்துக்குக் கீழ வண்டியெல்லாம் வந்து அடைச்சிக்குமே, அப்படிக் கூடைக்குக் கீழ போய் அடைங்கடி!" என்று கத்தினாள். அடைத்தார்கள். அன்றிலிருந்து 'பாடி' என்றால் அதுதான். 'குத்தம்பாக்கம்' என்றால் பந்தைத் தொலைதூரம் வீசு. 'நசரத்பேட்டை' என்றால் ஹைவே காலி, ஓடு. இந்தம்மா ஏன் பஸ் கண்டக்டர் மாதிரி கூவுகிறது என்று குழம்பியே பல டீம்கள் தோற்றுப்போயின.

அப்புறம் பூந்தமல்லி பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ் ஒன்று, மேலே கூரை போட்ட கோர்ட் இருக்கிறதென்று சொல்லிக் கூப்பிட்டது. மழை பெய்தாலே பயிற்சி கெட்டுப்போய்ச் சலித்திருந்த வனஜா உடனே போய்விட்டாள். புதுப் பெண்களுக்கும் அதே ஸ்டாப்பிங்குகளைத்தான் சொல்லிக்கொடுத்தாள்.

வந்தது வினை. அந்த வருஷ ஃபைனலில் எதிரே நின்றது பழைய காலேஜ். கேப்டன் ரோஷினி, வனஜாவே பொறுக்கியெடுத்த பெண்.

"குத்தம்பாக்கம்!" என்றாள் வனஜா. பந்து கிளம்புமுன்பே, அது வந்து விழப்போகிற இடத்தில் ரோஷினி போய் நின்றிருந்தாள். வந்ததைப் பிடித்துக்கொண்டு, "தேங்க்ஸ் மேடம்!" என்றாள். கூட்டம் சிரித்தது.

வனஜா டைம் அவுட் கேட்டாள். "இனிமே நான் இன்னா கத்துனாலும் காதுல வாங்காதீங்க."

"அப்புறம் யாருக்கு மேடம் கத்துவீங்க?" என்றாள் கேப்டன் ஸ்வாதி.

"அவங்களுக்கு!"

ஆட்டம் தொடங்கியதும், "பாடி!" என்றாள். பழக்கதோஷம், ரோஷினி கூட்டம் மொத்தமும் கூடைக்கடியை மறிக்க ஓடியது. ஆளில்லாத இடத்திலிருந்து ஸ்வாதி நிதானமாகப் பந்தைப் போட்டாள். இப்படியே புள்ளிகள் ஏறி, இரண்டு டீமும் சமமாயின.

அப்போதுதான் ரோஷினிக்குப் புரிந்தது. "மேடம் சும்மா கத்துறாங்கடி, கேக்காதீங்க!"

பத்துப் பெண்களில் ஒருத்தியும் கேட்கவில்லை. கோச்சானதிலிருந்து முதல்முறையாக வனஜா வாயை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். கடைசி நிமிஷத்தில் ரோஷினி இரண்டு பேரை ஏமாற்றித் திரும்பி, இடது கையால் பந்தைக் கூடையில் போட்டாள். பழைய காலேஜில் அந்த இடது கைக்காக வனஜா எத்தனை நாள் தொண்டை வறள அவளிடம் கத்தியிருப்பாள்! தன்னை மறந்து கைதட்டப் போனவள், சட்டென்று கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். அதோடு வனஜாவின் டீம் தோற்றது.

"கோவமா மேடம்?" என்று ரோஷினி ஓடிவந்தாள்.

"எப்பத்தான்டி கத்துக்கின, அந்த இடது கையி?"

"நீங்க போனப்புறம்தான்."

"நான் இருக்கச்சொல்ல கத்துக்கினா இன்னா கேடு உனக்கு!" என்று அவள் முதுகில் ஒன்று வைத்தாள் வனஜா.

திரும்பும்போது வேனில் ஸ்வாதி முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். "நெஜமா சொல்லுங்க மேடம். அவ போட்டப்போ உங்களுக்குச் சந்தோஷம்தானே?"

வனஜா வேனில் இருந்த எல்லார் பக்கமும் திரும்பினாள்.

"காலைல சீக்கிரம் வந்துடுங்க. நாளையிலேர்ந்து எல்லாருக்கும் இடது கைதான்" என்றாள்.

வேனே "ஐயோ!" என்றது.