விமானி வையாபுரியின் பதினான்கு மாதங்கள்

பெரகல சந்தியில் லொறியை நிறுத்தினால் மற்றச் சாரதிகள் டயரைத் தட்டிப் பார்ப்பார்கள். வையாபுரி மேகத்தைப் பார்ப்பார். அப்புத்தளை மலைச்சரிவில் அது எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று கண்ணைச் சுருக்கிக் கணிப்பார். தேநீர்க் கடையில் இருப்பவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

"என்னா பைலட்டய்யா, இன்னைக்கு எறங்கலாமுங்களா?"

"ஐந்நூறு அடிதான் இருக்கு. எறங்க முடியாது. டீயக் குடிச்சிட்டு உருட்டிக்கிட்டே போவோம்."

கடையே சிரிக்கும். அதைப் பட்டப்பெயர் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அது பட்டப்பெயரல்ல. 1956ஆம் ஆண்டு இரத்மலானையில் பரீட்சை எழுதி, பயணிகளை ஏற்றிப் பறக்கும் விமானிக்கான உரிமம் பெற்றவர் அவர். அந்த மனிதர் கொஸ்லாந்தைக்கும் அப்புத்தளை ரயில் நிலையத்துக்கும் இடையே தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டிருப்பது எப்படி என்பதை எழுதி வைக்க வேண்டும். விதி என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. விதிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. இதில் கையெழுத்துகள் இருக்கின்றன.

கொஸ்லாந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் 1932இல் பிறந்தார். தந்தை ரெங்கசாமி அந்தத் தோட்டத்தின் பெரிய கங்காணி. நூற்றுப் பத்துப் பேர் அவர் பெயரில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆட்கணக்குக்கு, நின்றார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்கு ஒரு பங்கு சேர்ந்தது. கோட்டு, தலைப்பாகை, மூன்று லொறிகள் எல்லாம் அப்படி வந்தவைதான். அதை மறைத்துவிட்டு ரெங்கசாமியை உத்தமராகக் காட்ட நான் வரவில்லை. ஆனால் அவருக்கு நடந்தது, அவர் பெரட்டில் நின்ற அந்த நூற்றுப் பத்துப் பேருக்கும் நடந்தது.

பிள்ளை பிறந்தபோது தோட்டத்துக் கிளாக்கர் பதிவுப் புத்தகத்தில் சுப்பன் என்று எழுதினார். ஏதாவது ஒரு பெயர் எழுதவேண்டுமே என்று எழுதிய பெயர். உண்மையான பெயரை ஊருக்குப் போய்க் குலதெய்வத்தின் முன்னால் காது குத்தும்போது வைத்துக்கொள்வது அந்தக் குடும்பத்தின் வழக்கம். ஊர் என்பது கடலுக்கு அப்பால், முசிறிக்குப் பக்கத்தில் இருந்தது.

ஏழாவது வயதில் பையனுக்கு மலேரியா கண்டது. தோட்டத்து டிஸ்பென்சர் கொய்னா மருந்து கொடுத்தார். தாய் பெரியாயி மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, பிள்ளை பிழைத்தால் அந்த வருசமே காது குத்துவதாக வேண்டிக்கொண்டாள். எட்டாம் நாள் காய்ச்சல் விட்டது. டிஸ்பென்சருக்கு நன்றி சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. 1940 தைப்பொங்கல் முடிந்ததும் குடும்பம் கப்பல் ஏறியது.

ஊர் போய்ச் சேர்ந்த மூன்றாம் வாரம் ரெங்கசாமியின் தகப்பனார் வையாபுரி இறந்தார். சாவு நடந்த வீட்டில் தலைத்திவசம் முடியும் வரை, அதாவது ஒரு வருடத்துக்கு, நல்ல காரியம் எதுவும் கூடாது என்றார்கள் பங்காளிகள். காது குத்தாமல் திரும்பிவிடலாமா என்று ரெங்கசாமி கேட்டதற்கு, தெய்வக் குற்றம் என்று பதில் வந்தது. இருந்தார்கள். அடுத்த ஆண்டு மாசியில் திவசம் முடித்து, காது குத்தி, செத்த பாட்டனின் பெயரையே பேரனுக்கு வைத்துக்கொண்டு பங்குனியில் திரும்பினார்கள். மொத்தம் பதினான்கு மாதம். அந்தக் காலம் முழுவதும் ரெங்கசாமியின் தம்பி பெரட்டைப் பார்த்துக்கொண்டார். தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்றோலில் மாதா மாதம் ரெங்கசாமியின் பெயரே இருந்தது. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

1948 வந்தது. சுதந்திரம் வந்த அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டமும் வந்தது. காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்து, உன் அப்பனும் பாட்டனும் இங்கே பிறந்ததற்குக் காகிதம் எங்கே என்று அரசு கேட்டது. மலைச்சரிவில் லயத்துக் காம்பராவில், ஒற்றை அறை வீட்டில், பிறந்தவனுக்கு யார் காகிதம் வைத்திருந்தார்கள்? காகிதமில்லாதவர்கள் மனுப் போடலாம் என்று மறு ஆண்டு இன்னொரு சட்டம் போட்டார்கள். குடும்பஸ்தன் என்றால் 1939 தொடங்கி ஏழு வருடம் இந்த நாட்டில் விடாமல் வசித்திருக்க வேண்டும். நடுவில் ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் அந்த வசிப்பு அறுந்துவிடும். வேர் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் இலை விழுந்த நாளை எண்ணும் சட்டம். 1951இல் ரெங்கசாமி மனுப் போட்டார். மகன் வையாபுரியின் பெயரும் அதில் இருந்தது.

மகன் அப்போது பண்டாரவளையில் படிப்பை முடித்திருந்தார். இயந்திரம் பழகக் கொழும்புக்குப் போனவர், இரத்மலானையில் விமானம் பழுதுபார்க்கும் கொட்டகையில் சேர்ந்தார். அங்கே பதுளைக் கடைவீதிப் புடைவைக்கடைக்காரரின் மகன் புவாத் கூட்டாளியானார். இருவரும் விமானம் ஓட்டப் பழகினார்கள். ரெங்கசாமி இரண்டு லொறிகளை விற்றார். "ஒரு லொறி போதும். எம்மகன் மேல பறக்கப் போறான், கீழ லொறி எதுக்கு?" என்று சந்தியில் எல்லாரிடமும் சொன்னார்.

உரிமம் கிடைத்ததும் இருவரும் ஒரே நாளில், ஒரே தபால்பெட்டியில், போர்னியோவில் இருந்த ஒரு சிறு விமானக் கம்பனிக்கு விண்ணப்பம் போட்டார்கள். ஆற்றங்கரை ஊர்களுக்கிடையே பறக்கும் கம்பனி. ஒரு பயணம் அரைமணி, முக்கால்மணி. 1957 தையில் பதில் வந்தது. இருவரையும் துணை விமானிகளாக எடுத்துக்கொள்வதாகவும், இரண்டு வருடம் ஒழுங்காகப் பறந்தால் கெப்டன் பதவிக்குப் பரீட்சை என்றும், ஜூன் முப்பதாம் திகதிக்குள் கடவுச்சீட்டுடன் வரவேண்டும் என்றும் எழுதியிருந்தது. அவர்கள் கேட்டது ஒரே ஒரு சிறு புத்தகம், கடவுச்சீட்டு.

புவாத்துக்கு மூன்று வாரத்தில் கிடைத்தது. வையாபுரிக்குக் கிடைக்க முதலில் அவர் ஒரு நாட்டுக்காரராக வேண்டியிருந்தது. ஆறு வருடமாகத் தூங்கிய மனு, குடியுரிமைக் கொமிசனரின் அதிகாரி முன் விசாரணைக்கு வந்தது அந்த மார்ச்சில், பதுளையில்.

சட்டத்தரணி ஒருவரிடம் எழுத்தராயிருந்த யாழ்ப்பாணத்துச் சிதம்பரநாதன் கூடப் போனார். வாசலில் நின்று கங்காணிக்குப் பாடம் எடுத்தார்.

"இஞ்சை பாரும் கங்காணி. கேட்டதுக்கு மட்டும் மறுமொழி. கோயில், குளம், சாதிசனம் ஒண்டும் கதைக்கப்படாது. விளங்கிச்சோ?"

"விளங்குதுங்க ஐயா. நான் என்னா சின்னப்புள்ளைங்களா?"

"சின்னப்பிள்ளையெண்டால் எனக்குப் பயமில்லை. நீர் பெரிய கங்காணி. அதுதான் பயம்."

முதல் அரைமணி நேரம் நன்றாகவே போனது. செக்றோல் நகல் சரி. தோட்டத்துத் துரையின் சான்றிதழ் சரி. ஏழு வருடமும் அறுபடாமல் இருந்தன. பிறகு அதிகாரி பிறப்புப் பத்திரத்தை எடுத்தார். அவர் ஆங்கிலத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"இதில் சுப்பன் என்றிருக்கிறது. மனுவில் வையாபுரி. உமக்கு இரண்டு மகன்களா?"

"ஒரே மகனுங்க."

"அப்படியானால் சுப்பன் எங்கே?"

"இந்தா நிக்கிறானுங்களே."

"நிற்பவர் வையாபுரி. நான் கேட்பது சுப்பனை."

இருவரும் ஒருவரே என்பதற்குச் சத்தியக் கடதாசி வேண்டும், அடுத்த தவணை செப்டெம்பரில் என்று அதிகாரி சொல்லிக் கோப்பை மூடப் போனார். செப்டெம்பர் என்ற சொல்லைக் கேட்டதும் ரெங்கசாமி மகனைத் திரும்பிப் பார்த்தார். ஜூன் முப்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். கோட்டின் உட்பையில் கைவிட்டு, பதினாறு வருடமாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்த ஒரு ரோஸ் நிறக் காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தார். சிதம்பரநாதன் பின்னாலிருந்து கோட்டைப் பிடித்து இழுத்ததை அவர் கவனிக்கவில்லை.

அது காதுகுத்து அழைப்பிதழ். எங்கள் குமாரன் சுப்பனுக்குக் காதணி அணிவித்து, காலஞ்சென்ற பாட்டனார் பெயரால் வையாபுரி என்று அழைக்க இருப்பதால் உற்றார் உறவினர் வருக என்று அச்சடித்திருந்தது. விக்கிரம வருடம் மாசி என்பதற்குக் கீழே ஆங்கிலத் திகதியும் இருந்தது. மூன்று, மூன்று, நாற்பத்தொன்று.

அதிகாரி வையாபுரியை அருகில் அழைத்து இரண்டு காதுகளையும் பார்த்தார். தூர்ந்துபோன துளைகள் இருந்தன. "பெயர்ச் சந்தேகம் தீர்ந்தது" என்றார். ரெங்கசாமியின் முகம் மலர்ந்தது.

"முசிறி எங்கே இருக்கிறது?"

"திருச்சிப் பக்கங்க."

"எப்போது போனீர்கள்?"

"அதுக்கு மொத வருசம், பொங்கல் முடிஞ்ச கையோடங்க. போன எடத்துல எங்கய்யா தவறிட்டாரு. திவசம் முடியாம எப்புடிங்க காது குத்துறது? மனுசன் செய்யிற காரியமா அது?"

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும் வரை அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். இரண்டு கையும் முடிந்து, மீண்டும் ஒரு கையில் நான்கு விரல் மடங்கியது.

வெளியே வந்ததும் சிதம்பரநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அழிச்சுப்போட்டீர், கங்காணி."

"நான் பொய் சொல்லலீங்களே ஐயா."

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

மே மாதம் நிராகரிப்புக் கடிதம் வந்தது. மேல்முறையீடு அடுத்த வருடம் தோற்றது. இந்தியாப் பக்கமும் வையாபுரி கேட்டுப் பார்த்தார். இலங்கைக் குடியுரிமை கேட்டு மனுப் போட்டவருக்கு நாங்கள் எப்படிக் கொடுப்பது என்றார்கள். ஓர் அரசு அவரைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. இன்னொன்று வரச் சொல்லவில்லை. வானத்தில் மட்டும் எல்லைக்கோடு தெரியாது என்று அவர் பறந்த நாட்களில் சொல்வதுண்டாம். அங்கே ஏறுவதற்கும் தரையில் ஒரு கதவு இருக்கிறது, அதில் ஒருவன் காகிதம் கேட்டுக்கொண்டு நிற்கிறான்.

1957 ஜூனிலேயே புவாத் தனியாகப் போயிருந்தார். அங்கிருந்து கடிதம் எழுதினார்.

"மச்சான் வையா, இங்க ஒரு நாளைக்கு ஆறு தரம் ஏறி எறங்குறம். ஏறி காதடைப்பு விடுறதுக்குள்ள அடுத்த ஊர் வந்திரும். புல்லுத்தரைதான் ஓடுபாதை, எருமைய வெரட்டிட்டுத்தான் எறங்கணும். பின்னேரம் இடி. நுளம்புக்கடி நம்மட கொஸ்லாந்தைய விட மோசம். ஆனா பறந்த மணிக்கணக்கு மளமளண்டு ஏறுது. மூவாயிரம் சேர்ந்தா பெரிய கம்பனிக்காரன் கூப்பிடுவான். ஒண்ட எடத்த ஒருத்தனுக்குக் குடுத்துட்டானுகள். எறக்கம் பழகாதவன். நீ நல்லா எறக்குவாய்."

உள்ளூரில் விமான வேலை கேட்டால் முதல் கேள்வியே குடியுரிமை. குறித்த காலத்துக்குள் குறித்த மணிநேரம் பறக்காவிட்டால் உரிமம் காலாவதியாகும். அது 1958இல் ஆனது. மிஞ்சியிருந்த ஒரு லொறியின் சாவியை வையாபுரி எடுத்துக்கொண்டார். ரெங்கசாமி அதற்குப்பின் மகனோடு பேசும்போது முகத்தைப் பார்க்கவில்லை. ஒருநாள் மட்டும், "தம்பி, அந்தக் காயிதத்த நான் வீட்டுலயே வச்சிட்டு வந்திருக்கணும்" என்றார். "விடுங்கப்பா" என்றார் மகன். 1960இல் ரெங்கசாமி இறந்தார். எந்த நாட்டவர் என்ற கேள்விக்கு மரணப் பத்திரத்தில் ஒரு கோடு போட்டிருந்தார்கள்.

இடையில் கலியாணம் முடித்திருந்த வையாபுரிக்கு அந்த ஆண்டே ஒரு மகள் பிறந்தாள். பிறந்த நாலாம் நாளே அவர் பதிவாளர் முன்னால் போய் நின்று பெயரை எழுதுவித்தார், மாற்றத் தேவையில்லாத பெயர். அப்படிச் செய்தும் அந்தப் பிள்ளைக்கு ஒரு நாடும் கிடைக்கவில்லை. தந்தைக்கு இல்லாதது பிள்ளைக்கும் இல்லை என்பதுதான் சட்டம்.

1962 ஐப்பசியில், விடாத மழைக்காலத்தில், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறியை முடுக்கிவிட்டு உள்ளே வந்தால், பெரியாயி மஞ்சள் துணியில் காசு முடிந்துகொண்டிருந்தாள்.

"எங்கம்மா போயி நிறைவேத்துவீங்க?"

"எங்க போறது? நம்ம ஊருக்குத்தான்."

"கப்பல் ஏறப் பாஸ்போட்டு வேணும். ஒங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல, இந்தப் புள்ளைக்கும் இல்ல."

"சாமிக்கு நம்மளத் தெரியாதாடா?"

"சாமிக்குத் தெரிஞ்சு என்னாம்மா? கொமிசனருக்கில்ல தெரியணும்."

அவள் முடிச்சை அவிழ்க்கவுமில்லை, கொண்டுபோய்ச் சாமிப்படத்தில் கட்டவுமில்லை. கைக்குள் பொத்திக்கொண்டே பிள்ளையைத் தூக்கி லொறியின் முன்னிருக்கையில் ஏறினாள். பெரகலையில் மேகம் தரையோடு கிடந்தது. கடைக்காரர்கள் கூப்பிட்டார்கள். வையாபுரி நிறுத்தவில்லை. விளக்கைப் போட்டு, முதல் கியரில், முன்னால் தெரிந்த பத்தடி ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு அப்புத்தளைக்கு ஏறினார்.