எழுதாமல் விட்ட வேலை

விழுப்புரம் ஸ்டேஷன் எதிரே நான் மனு எழுதிப் பிழைத்த காலம். ரயில்வேயில் மூட்டை தூக்கும் வேலைக்கு மனு எழுதச் சொல்லி ஒருவர் வந்தார். நெடிய உடம்பு. பேசும்போதே விரல்களை முகர்ந்துகொள்வார். முன்பு என்ன வேலை பார்த்தீர் என்று கேட்டேன். செங்கல் சூளை, வேர்க்கடலை உடைக்கும் மல்லாட்டை மில் என்றார். திண்டிவனத்தில் வாந்திபேதி வந்தபோது சர்க்கார் சம்பளத்துக்குப் பிணம் தூக்கியதையும் சொன்னார்.

“சர்க்கார் வேலையாச்சே! அதைத்தான் முதலில் எழுதணும்” என்றேன்.

“வாணாம் சாமி. எழுதினா மறுபடி அதுலயே போட்டுடுவாங்க.”

எழுதவில்லை. வேலை கிடைத்தது.

பிறகொரு நாள் பிளாட்பாரத்தில் அவரைப் பார்த்தேன். மல்லாட்டை மூட்டை ஒன்றைத் தூக்கக் குனிந்தவர், கூட இருந்த ஆளிடம் மெதுவாகச் சொன்னார்:

“நீ தலைமாட்டைப் புடி.”

மூட்டைக்கு ஏதுய்யா தலைமாடு என்று அந்த ஆள் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை. கால்மாட்டில் குனிந்தபடியே காத்திருந்தார்.