இரண்டு விரல் இல்லாத படம்

காப்புரிமை அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பட்டப்பெயர். பரிசோதகர் வேலை. 'இது என் கண்டுபிடிப்பு' என்று ஒருவர் விண்ணப்பித்தால், அது எங்காவது ஏற்கெனவே வெளியாகியிருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவாள். வெளியாகியிருந்தால் புதுமை இல்லை. புதுமை இல்லையென்றால் காப்புரிமையும் இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவளிடமிருந்து ஒன்றும் தப்பியதில்லை என்பார்கள். தப்பிய ஒன்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அண்ணன் தகடு வெட்டும் பட்டறையில் வேலை பார்த்தவன். பிரஸ் மெஷின் அவன் வலது கையின் நடுவிரலையும் மோதிர விரலையும் கொண்டுபோயிற்று. மிஞ்சிய விரல்களால் ஒரு தடுப்பு செய்தான். கை உள்ளே இருக்கும்வரை மெஷின் இறங்காது. தன் கையையே மாதிரியாக வைத்து, இடது கையால் படம் வரைந்து விண்ணப்பித்தான். ஒன்றரை வருடத்தில் விண்ணப்பம் எல்லோரும் பார்க்கும்படி வெளியானது. பிறகு அலுவலகத்தின் ஆட்சேபக் கடிதம் வந்தது; ஆறு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். கையெழுத்துப் போட்டு வாங்கியது அவள்தான். அண்ணன் வந்ததும் கொடுக்கலாம் என்று கல்லூரிப் புத்தகத்துக்குள் செருகினாள். பரீட்சை மும்முரம். மறுபடி அந்தப் புத்தகத்தைத் திறந்தபோது எட்டு மாதம் ஓடியிருந்தது. பதில் வராத விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். அதுதான் சட்டம்.

"லெட்டர் வந்துதா பாப்பா?" என்று அதற்குப் பிறகுதான் அவன் தினமும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்க ஆரம்பித்தான்.

"இல்லண்ணா."

அவன் போய்ப் பத்து வருடம் ஆகிறது. இன்றும் மாலையில் அவள் கதவைத் திறந்தால் அந்தக் கேள்வி முன்னால் வந்து நிற்கும். பயத்தில் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவாள்.

ஒரு காலை, ஒரு பெரிய கம்பெனியின் புது விண்ணப்பம் மேஜைக்கு வந்தது. பிரஸ் மெஷினுக்குத் தடுப்பு. இரண்டாவது படத்தைப் பிரித்தாள். மெஷினுக்குள் ஒரு கை. நடுவிரலும் மோதிர விரலும் இல்லை.

ஈயடிச்சான் காப்பி! திருடியவனுக்கு விரலை எண்ணிப் பார்க்கக்கூடவா தோன்றவில்லை?

சொந்த அண்ணன் சம்பந்தப்பட்ட விஷயம்; விதிப்படி கோப்பை வேறு பரிசோதகருக்கு மாற்றியாக வேண்டும். ஆனால் அண்ணனின் விண்ணப்பம் கம்ப்யூட்டரில் கிடையாது, கீழ்த்தளத்துக் காகித அறையில்தான் இருக்கிறது. அவள் வாய் திறக்காவிட்டால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. இருபது வருடத்துக்கு அந்தத் தடுப்பு கம்பெனியின் சொத்தாகிவிடும். அவர்கள் அனுமதி இல்லாமல் எந்தப் பட்டறையும் அதைப் பொருத்த முடியாது. வாய் திறந்தாலோ, அந்தக் கோப்பில் கடிதம் வாங்கியதற்கு அவள் கையெழுத்துப் போட்ட ஒப்புகை அட்டையும் இருக்கிறது. அதற்குப் பயந்துதான் அந்த அலமாரிப் பக்கமே அவள் போனதில்லை.

அன்று போனாள்.

மேலதிகாரி இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அதே கைம்மா! இது யாரு?"

"எங்க அண்ணன் சார்."

"அவர் உரிமை எப்பவோ போயிடுச்சு. ஆனா வெளியானது வெளியானதுதான். இவங்களுக்கு இது கிடைக்காது. இனி யார் வேணும்னாலும் செஞ்சுக்கலாம்." பக்கத்தைப் புரட்டியவர் அட்டையில் நின்றார். "லெட்டர் போய்ச் சேர்ந்திருக்கே! அப்புறம் ஏன் பதில் போடல?"

"அந்தக் கையெழுத்து என்னுது சார். நான் அவன்கிட்ட கொடுக்கல."

மாலையில் கதவைத் திறந்தாள். ரேடியோவைப் போடவில்லை. கேள்வி வந்தது.

"வந்துதுண்ணா" என்றாள். வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.