வெளிச்சத்தின் மேல் பழி

அப்பா குடித்துச் சாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோதே மாமா வாசலில் நின்று நான்கு பேரிடம், "ஈரல் சும்மாவா போகும்? ரகசியமா ஊத்தியிருப்பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. அம்மா உள்ளேயிருந்து எழுந்து வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"டேய், முப்பத்தஞ்சு வருஷம் கூட இருந்தவ நான். அந்த மனுஷன் எங்கிட்ட ஒளிச்சு வச்சது ஒண்ணே ஒண்ணு, பிஸ்கட் டப்பா. அதையும் மூணு தடவை கண்டுபிடிச்சிட்டேன். போய் நாற்காலியை எடுத்துப் போடு."

மாமா நாற்காலியை எடுத்துப் போட்டார்.

அப்பா வேலை பார்த்தது அடிபட்ட கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில். அங்கே அவர் கலர் சேர்ப்பவர். எட்டு வருடம் வெயிலில் வெளுத்த காருக்குப் புதுக் கதவு மாட்டுவார்கள். கதவுக்கு அடிக்கும் கலர் காரோடு ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் கடன் வாங்கிய சட்டைக் கை மாதிரி தனியாகத் தெரியும். நிறத்தைப் படித்துக் கலவை சொல்லும் மெஷின் ஒன்று பட்டறையில் உண்டு. அது சொன்னபடி கலந்ததை அப்பா ஒரு தகட்டில் அடித்துப் பார்ப்பார். "பரவாயில்ல, பையன் தேறிட்டான்" என்பார். பிறகு இரண்டு சொட்டு கறுப்பு விடுவார். அப்போதுதான் ஒட்டும். பட்டறையில் அவர் பெயர் ஸ்கேனர்.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. கலர் ஒட்டவில்லையா? கலர் மேல் பழி போடாதே. முதலில் வெளிச்சத்தைச் சந்தேகப்படு. குழல் விளக்கின் கீழ் ஒட்டுவது வெயிலில் ஒட்டாது. எந்தத் தகட்டையும் வாசலுக்குக் கொண்டுபோய், நிழலும் வெயிலும் சேரும் இடத்தில் வைத்துப் பார்த்தபிறகுதான் வாயைத் திறப்பார்.

நான் வேறு ஊரில் செல்போன் கேமராக்களுக்கு நிறம் திருத்தும் பொறியாளர். அறை விளக்கு மஞ்சளாக இருந்தாலும் முகம் மஞ்சளாகத் தெரியக் கூடாது. அதற்குத்தான் சம்பளம். "நம்ம குடும்பத் தொழில்தான். நான் நெஜமா அடிக்கிறேன், நீ பொய்யா அடிக்கிற" என்பார் அப்பா.

சாவதற்கு மூன்று வருடம் முன்பு பட்டறையில் எல்லோருக்கும் உடல் பரிசோதனை நடந்தது. அப்பாவுக்குத் தொண்ணூற்றிரண்டு கிலோ. சர்க்கரை எல்லையில் நின்றது. வயிற்று ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று வந்தது.

"எனக்கு ஈரல்ல கொழுப்பாம்" என்று போனில் பெருமையாகச் சொன்னார். "உங்கம்மா இத்தனை வருஷமா வாய்லன்னு நினைச்சிட்டிருந்தா."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒன்பது பத்து கிலோ குறைக்கணுமாம். ஆறு மாசத்துல திரும்ப வரணுமாம். வலிக்குதான்னு கேட்டாரு. இல்லைன்னேன். வலிக்கலைன்னா அப்புறம் என்ன?"

அங்கேதான் கோளாறு. கல்லீரல் முனகாத தொழிலாளி. பாதிக்கு மேல் கெட்ட பிறகும் தினமும் வேலைக்கு வந்துகொண்டிருக்கும். வலிக்காத உறுப்பை அப்பா மதிக்கவில்லை. ஆறு மாதம் கழித்துப் போகவும் இல்லை. எனக்கும் ஞாபகம் இல்லை.

தவிர, கல்லீரல் நோய் என்பது அப்பாவின் கணக்கில் தின்னருடைய சொத்து. தின்னர் என்பது ஸ்பிரே பெயிண்ட் அடிக்கும் நண்பரின் பட்டப்பெயர். அப்பாவைவிட எட்டு வயது சின்னவர். பகலில் அவர் மேல் பெயிண்டைக் கரைக்கும் தின்னர் வாசனை, சாயங்காலம் வேறு வாசனை. அப்பா தினமும் அவருக்கு உபதேசம் செய்வார்.

"டேய், உன் ஈரலைக் கழட்டி ரோட்ல வச்சா நாய்கூட மோந்து பார்க்காதுடா."

"உங்களுதை வச்சா மட்டும் ஏலம் போகுமாக்கும்" என்பார் தின்னர்.

கடைசி வருடத்தில் அப்பாவுக்கு ஒவ்வொன்றாக வந்தது. உடம்பெல்லாம் அரிப்பு, பெயிண்ட் ஒவ்வாமை என்றார். மாலையில் கால் வீக்கம். நின்று வேலை பார்ப்பதால் என்றார், ஒரு சைஸ் பெரிய செருப்பு வாங்கினார். சோர்வுக்கு வயதைச் சொன்னார். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில், தண்ணீர் குடிக்காததால் என்றார். கை கால் மெலிய, வயிறு மட்டும் முன்னே போனது. அம்மாவின் சமையல் என்றார், பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் இருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் முட்டாள்தனம் இல்லை. ஒரே தாளில் வரிசையாக எழுதியிருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கேள்வி கேட்டிருக்கும். யாரும் எழுதவில்லை.

பிறகு ஒரு காலை, சவரம் செய்யும்போது கண்ணாடியில் கண் மஞ்சளாகத் தெரிந்தது. ஸ்கேனர் என்று பெயர் வாங்கியவர். வெள்ளையில் ஒரு சொட்டு மஞ்சள் விழுந்தாலும் கண்டுபிடிப்பவர். கண்டுபிடித்தார். சட்டப்படி வெளிச்சத்தைச் சந்தேகப்பட்டார். குளியலறை பல்பைக் கழற்றிவிட்டு, நல்ல வெள்ளையாக எரியும் புது பல்பு மாட்டினார்.

"இப்ப எப்படி இருக்கு?" என்று அம்மாவைக் கேட்டார்.

"பளிச்சுனு இருக்கு" என்றாள் அம்மா. அவள் பல்பைச் சொன்னாள்.

அதே வாரம் வீடியோவில் பேசினேன். முகம் மஞ்சளாக இருந்தது.

"என்னப்பா, கேமரா கலர் போயிருக்கு. செட்டிங்ஸ்ல போங்க. அந்தக் கோட்டை நீலம் பக்கமா நகர்த்துங்க. இன்னும். போதும்."

"இப்ப?"

"இப்ப சினிமா ஹீரோ."

"அப்ப இதுவரைக்கும்?"

"வில்லன்."

இரண்டு பேரும் சிரித்தோம். என் அப்பாவின் காமாலையை நான் ஐந்து நொடியில் சரிசெய்தேன். தொழிலில் நான் கெட்டிக்காரி.

இதற்கிடையில் மாமா ஒரு டப்பாவோடு வந்தார். ஈரலைச் சுத்தம் செய்யும் பொடியாம். மேலே ஒரு பச்சை இலைப் படம். உள்ளே என்ன என்று எங்கும் எழுதவில்லை.

"அத்தான், இயற்கைதானே? பக்க விளைவே கிடையாது" என்றார்.

அப்பா இரண்டு வாரம் சாப்பிட்டார். டாக்டருக்குப் பயந்த மனிதர் டப்பாவுக்குப் பயப்படவில்லை.

கடைசியில் கண்டுபிடித்தவர் தின்னர். அவர் சொன்னதை வைத்து எழுதுகிறேன். பட்டறை வாசலில் மதியச் சாப்பாடு முடிந்து இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தின்னர் முன்பு ஒருமுறை கெட்ட தண்ணீரால் காமாலை வந்து படுத்தவர். அந்த மஞ்சள் அவருக்குத் தெரியும். நேராகச் சொன்னால் அப்பா கேட்கமாட்டார் என்பதும் தெரியும். குடிகாரன் சொல்லி யார் கேட்பது? அதனால் நிற அட்டைக் கொத்தை எடுத்து வந்தார். விசிறி மாதிரி விரியும், ஒவ்வொரு பட்டையிலும் ஒரு நிறம்.

"அண்ணே, ஒரு மேட்ச் சொல்லுங்க. நமக்குப் பிடிபடல."

"எந்த வண்டி?"

"இந்தக் கண்ணாடில பாருங்க" என்று நின்றிருந்த காரின் பக்கக் கண்ணாடியைத் திருப்பினார். மஞ்சள் பட்டைகளை அப்பாவின் கண் ஓரத்தில் விரித்துப் பிடித்தார்.

"என்னடா இது, பகல்லயே ஆரம்பிச்சிட்டியா?"

"சொல்லுங்கண்ணே. உங்களால முடியாதுன்னா மெஷினைக் கேக்கறேன்."

அது போதும். அப்பா குனிந்து பார்த்தார். "மூணாவது இல்ல. நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல. லேசா பச்சை ஓடுது." நிறுத்தினார். மறுபடி பார்த்தார். "வெளிச்சம் சரியில்ல."

"சூரியன்ணே" என்றார் தின்னர். "இதை எந்தக் கடைல குடுத்து மாத்துவீங்க?"

அப்பா அட்டைக் கொத்தை மெதுவாக மடித்தாராம். வேட்டைக்குப் போய்ச் சிக்கிக்கொண்ட புலி மாதிரி முழித்தாராம். பிறகு, "வண்டியை எடு" என்றாராம்.

கல்லீரல் டாக்டர் என் வயதுப் பெண். நான் முதல் ரயிலில் வந்து சேர்ந்திருந்தேன்.

"எத்தனை நாளா கண்ணு மஞ்சளா இருக்கு?"

"பல்பு மாத்தி ஆறு வாரம் ஆச்சு" என்றார் அப்பா.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அம்மா விளக்கினாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கேமரா விஷயத்தைச் சொன்னேன். பொடி டப்பாவையும் மேஜையில் வைத்தோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன இருக்குன்னு விக்கறவனுக்கே தெரியாது. இருக்கற ஈரலையும் இது கெடுக்கலாம்" என்று குப்பைக் கூடையில் போட்டார்.

இரத்தம், ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். டாக்டர் தாளில் படம் போட்டார். முதலில் கொழுப்பு. பிறகு அழற்சி. பிறகு தழும்பு. தழும்பு கூடக் கூட ஈரல் இறுகிச் சுருங்கும். கொழுப்பு நிலையில் எடையும் சர்க்கரையும் குறைந்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். குடிக்காதவர்களுக்கும் வரும். அப்பா நின்றிருந்தது கடைசிப் படத்தில்.

"புரியுது" என்றார் அப்பா. "துருவைச் சுரண்டாம மேலேயே பட்டி பூசி பெயிண்ட் அடிச்சிருக்கேன்."

"துரு மட்டும் இருந்தப்போ வந்திருக்கணும்."

"வண்டி ஓடிட்டிருந்ததும்மா."

டாக்டர் அம்மாவிடம் தனியாகச் சொன்னார். மலம் கறுப்பாகப் போனால், இரத்த வாந்தி எடுத்தால், காய்ச்சலோடு வயிறு வலித்தால், பேச்சு தடுமாறினால், பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தால், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை, பொடி, கஷாயம் எதுவும் கூடாது. கண் மஞ்சளானால் யாராக இருந்தாலும் அன்றைக்கே வர வேண்டும். அம்மா இதைக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி சமையலறைக் கதவில் ஒட்டினாள்.

வார்டில் படுத்தபடி அப்பா தின்னரைப் பிடித்தார். "நீ சொல்லி நான் வந்தேன்ல? இப்ப நான் சொல்றேன், நீ போ." தின்னர் இரண்டு நாள் தப்பித்துப் பார்த்தார். மூன்றாம் நாள் இரத்தம் கொடுத்தார், ஸ்கேன் எடுத்தார். கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் அழற்சி. தழும்பு இல்லை.

அப்பாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "இருபது வருஷமா ஊத்தினவன் நீ! ஒரு சொட்டு தொடாதவன் நான்! இது எந்த ஊரு நியாயம்டா?"

"மன்னிச்சிருங்கண்ணே" என்றார் தின்னர். உண்மையிலேயே வெட்கப்பட்டார்.

"இது நற்சான்றிதழ் இல்ல, கடைசி எச்சரிக்கை" என்று டாக்டர் அவரிடம் சொன்னார். திடீரென்று தானாக நிறுத்தவும் விடவில்லை. மருந்தோடு, மேற்பார்வையில் நிறுத்தினார்கள். நாற்பது நாள் தாங்கினார். பிறகு மறுபடி குடியில் விழுந்தார். பிறகு எழுந்தார். இப்போது நிறுத்தியிருப்பது நான்காம் முறை.

இரண்டாவது மாதம், வீட்டில், பதினொரு மணி வெயிலில் அப்பா ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுச் சிவப்புக் காரைக் காட்டி, "நீலம் நல்லா அடிச்சிருக்கான்" என்றார். அம்மா அடுப்பை அணைத்தாள். கேள்வி கேட்கவில்லை, எனக்குப் போன் செய்யவில்லை, மாமாவுக்கும் செய்யவில்லை. கதவில் ஒட்டிய தாளைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வண்டி பிடித்து அரைமணியில் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார் அவசரப் பிரிவில் இருந்த வேறொரு டாக்டர்.

"சிவப்பை நீலம்ங்கறாரு."

"வயசானவங்க சில சமயம்..."

"இவரு சொல்லமாட்டாரு."

அம்மா சொன்னது சரி. ஈரல் வடிகட்டாத விஷம் மூளைக்கு ஏறியிருந்தது. மருந்து ஒரு இனிப்புச் சிரப். வயிற்றைக் கழுவி விஷத்தை வெளியேற்றும். மூன்றாம் நாள் அப்பா தெளிந்தார். "வயிறு போனாத்தான் புத்தி வருமாம். உன் மாமனுக்கு ரெண்டு பாட்டில் வாங்கி வை" என்றார்.

அம்மா அந்த அரைமணியில் சம்பாதித்துக் கொடுத்தது மூன்று மாதம். வேறு ஈரல் பொருத்துவதற்கான பட்டியலில் பெயர் கொடுத்தோம். முறை வரவில்லை. ஐந்தாவது மாதம் வயிற்றில் தேங்கியிருந்த நீரில் கிருமி பிடித்தது. அன்றும் அம்மா உடனே கூட்டிப்போனாள். அந்த முறை போதவில்லை. கடைசியாகத் தெளிவாகப் பேசியது தின்னரிடம். ஆஸ்பத்திரிச் சுவரைக் காட்டி, "வெள்ளையாம். எவன் கலந்தான் இதை" என்றார்.

குளியலறையில் அந்தப் பல்பு இன்னும் எரிகிறது. அட்டைப் பெட்டியில் இரண்டு வருட உத்தரவாதம் என்று போட்டிருக்கிறது. பல்பைச் சொல்லிக் குற்றமில்லை.

போன வாரம் அம்மாவிடம் போயிருந்தபோது நானும் பரிசோதனை செய்துகொண்டேன். கல்லீரலில் கொழுப்பு, ஆரம்ப நிலை. ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். தேதியை எழுதி எடுத்து வந்தேன். அம்மா அதை வாங்கி, கதவில் ஒட்டிய தாளில் தன் கையால் ஒரு வரி சேர்த்தாள்.

ஊருக்குக் கிளம்பும்முன் அம்மாவின் போனில் நிறம் திருத்தும் வசதியை அணைத்துவிட்டேன். இப்போது வீடியோவில் அவள் எப்போதும் கொஞ்சம் மஞ்சளாகத்தான் தெரிகிறாள். தினமும் காலையில் கூப்பிட்டு ஜன்னலுக்குப் போகச் சொல்கிறேன். கீழ் இமையை இழுத்துக் காட்டச் சொல்கிறேன்.

"உங்கப்பன் என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடிகூட இவ்வளவு உத்துப் பார்க்கலடி" என்கிறாள்.

"இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்கு வா."

"வந்துட்டேன். போதுமா?"

"இன்னும் கொஞ்சம்மா."

திட்டிக்கொண்டே வருகிறாள்.