சாட்சிக்காரருக்கு விலங்கு

பாதாள உலகத் தலைவர் ஒருவர் எங்கள் தோட்டத்து ரப்பர் மலையில்தான் பிடிபட்டார். மரியாதையோடுதான் எழுதுகிறேன், நீதிமன்றத்தில் அவருக்குக் கிடைத்த மரியாதையை நேரில் பார்த்தவள் நான். ரப்பர் ஷீட் காயவைக்கும் பாழடைந்த புகைக்கூட்டில் ஒளிந்திருந்தார். பால் எடுக்கப் போன என் வீட்டுக்காரர், அவர் துப்பாக்கிப் பையைப் புதைத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டார். அதிரடிப்படை வந்தபோது இடத்தையும் காட்டினார். சும்மா கிடக்கத் தெரியாத மனுஷன். புதைத்தது இந்த ஆள்தான் என்று சொல்ல வேறு சாட்சி கிடையாது.

வழக்கு தொடங்கியது. சாட்சி சொல்ல வரச்சொல்லி அழைப்பாணையும் வந்தது, எங்கள் கைக்குத்தான் வரவில்லை. வரிசை வீடுகளாகக் கட்டிய லயத்துக்கு ஏது விலாசம்? அத்தனை ஒற்றை அறைக் காம்பிராவுக்கும் தோட்டத்தின் பெயர் ஒன்றுதான். கடிதமெல்லாம் தோட்ட ஆபீசில் இறங்கும். கிளாக்கருக்கு மனசு வந்தால், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் கொடுத்தனுப்புவார். கல்யாணப் பத்திரிகை, பிள்ளை பிறந்த பிறகு வந்ததும் உண்டு. யாரும் வாய் திறந்ததில்லை. அழைப்பாணை மேசை இழுப்பறையில் சுகமாகத் தூங்கியது, வழக்குத் தவணை நாள் தப்பியது. வீட்டுக்காரரைப் பிடிக்கப் பொலிஸ் வந்தது. பிடியாணை மட்டும் எங்கள் வாசலைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டது!

அடுத்த தவணைக்கு, நாங்கள் இந்தத் தோட்டத்துக்காரர்கள்தான் என்று கிராம சேவகர் கொடுத்த கடிதத்தோடு போய் நின்றேன், அதை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. தலைவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். முன்னும் பின்னும் காவல், ஒரு வரிசை வக்கீல்கள். பிடித்துக்கொண்டு போன அன்று கட்டியிருந்த அதே சாரத்தோடு என் வீட்டுக்காரரும் அவர் பக்கத்திலேயே கூண்டில் நின்றார்.

நிரந்தர விலாசம் என்ன என்று நீதிபதி கேட்டார். வீட்டுக்காரர் தோட்டத்தின் பெயரைச் சொன்னார். வீட்டு இலக்கம்? இல்லை. வீதி? அதுவும் இல்லை. விலாசமே இல்லாதவரை எப்படிப் பிணையில் விடுவது என்று அரசாங்க வக்கீல் கேட்டார். நியாயந்தானே. மூன்று தலைமுறையாக ஒரே காம்பிராவில் கிடக்கிறவர்கள், திடீரென்று ஓடிப்போய்விட்டால்?

அப்போது இளம் வக்கீல் ஒருவர் எழுந்து சிங்களத்தில் மளமளவென்று பேசினார். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரர் பிணையில் வெளியே வந்துவிட்டார். அந்த வக்கீலைக் கையெடுத்துக் கும்பிட்டேன். எந்தப் புண்ணியவான் அனுப்பினானோ என்று வீடு திரும்பும் கஹவத்தை பஸ்ஸில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன்.

வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அனுப்பியது தலைவர்தானாம். "மல்லி, உனக்கு வக்கீல் இல்லையா?" என்று, சிங்களத்தில் தம்பி முறை சொல்லி, கூண்டில் வைத்து விசாரித்தாராம். எந்த லயம், எத்தனையாவது காம்பிரா, பிள்ளைகள் எத்தனை, எந்தப் பள்ளிக்கூடம் என்றும் அன்பாகக் கேட்டுக்கொண்டாராம். எங்கள் விலாசத்தை இவ்வளவு அக்கறையாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

பக்கத்து சீட்டுக்காரர் காதில் விழாமல் குனிந்து கேட்டேன். "அடுத்த தவணைக்கு என்னங்க சொல்லப் போறீங்க?"

"அன்னைக்கு நல்ல பனி. மொகம் சரியா தெரியலன்னு சொல்லிருவோம்."

சுள்ளென்று வெயில் அடித்த நாள் அது.

"ஆமாங்க," என்றேன். "சரியான பனி."