வயிறு தள்ளிய உத்தரம்

நகரின் ஒரு கோடியிலுள்ள கிரான்பர்னில் என் வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் ஓர் இரும்புப் பட்டறை இருக்கிறது. பாலங்களைத் தாங்கும் உருக்கு உத்தரங்களை அங்கே செய்கிறார்கள். அவற்றில் பிழை பிடிப்பது என் வேலை. அதையே வீட்டில் நான் சம்பளமில்லாமல் செய்வதாக மனைவி சொல்வாள்.

ஒரு நாள், முப்பது மீற்றர் உத்தரமொன்றின் நடுத்தகட்டில் நேர்கோலை வைத்துப் பார்த்தேன். வெல்டிங் சூட்டில் இழுபட்டுத் தகடு ஒரு பக்கம் வயிறு தள்ளியிருந்தது. எட்டு மில்லிமீற்றர் வரை பொறுக்கலாம், இது பதினான்கு. நேரான தகடு தாங்கும் பாரத்தை வளைந்த தகடு தாங்காது. சுமை ஏற ஏற அந்த வயிறு இன்னும் தள்ளும்.

பட்டறை மேலாளரைக் கூட்டிவந்து காட்டினேன்.

"பெயின்ட் அடித்தால் தெரியாது," என்றார் அவர்.

"மேலே போகும் லொறிக்குத் தெரியும்," என்றேன்.

அவருக்கு அவசரம். அடுத்த வாரம் படம் எடுத்துக்கொள்ள ஓர் அமைச்சர் வரவிருந்தார். காட்டுவதற்கு முடிந்திருந்த உத்தரம் அது ஒன்றுதான். உடனே கூட்டம் போட்டார். தகட்டை என்ன செய்வது என்று அல்ல, அறிக்கையில் அதை என்னவென்று எழுதுவது என்று பேசினோம். நான் எழுதிய 'குறைபாடு' முதலில் 'மாறுபாடு' ஆனது. தேநீருக்குப் பிறகு 'வடிவ இயல்பு' ஆனது. இன்னும் அரை மணி நேரம் இருந்திருந்தால் விருதே கொடுத்திருப்பார்கள். தகடு மட்டும் பதினான்கிலேயே நின்றது.

நான் கையெழுத்துப் போடவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தது. பாலத்தை வடிவமைத்த பொறியாளரை அழைத்தேன். நகரின் மறுகோடியில், பொயிண்ட் குக்கில் இருக்கும் தமிழ்நாட்டுப் பெண்.

"பதினாலா? சரியாப் பாத்தீங்களா அண்ணா?"

"ஓம் தங்கச்சி, மூண்டு தரம் அளந்தனான்."

மறுநாள் கணக்குப் போட்டுவிட்டு அழைத்தாள். "பாரம் அதிகமா வர்ற இடமே அதுதான் அண்ணா. ரெண்டு பக்கமும் இரும்புப் பட்டை வெச்சு வெல்டு பண்ணச் சொல்லுங்க, தகடு மேல வளையாம பிடிச்சுக்கும். அதுவரைக்கும் கையெழுத்துப் போடாதீங்க."

அவள் அதை எழுத்திலும் அனுப்பியதால் மேலாளருக்கு வேறு வழியில்லை. அமைச்சர் வருவதற்கு முதல்நாள் பட்டைகள் ஏறின. அவற்றை அளந்து பார்த்துக் கையெழுத்திட்டேன்.

அமைச்சர் அந்தப் பட்டைகளைத் தட்டிப் பார்த்து, "இவை எதற்கு?" என்று கேட்டார்.

"கூடுதல் பலத்துக்கு. எங்கள் பட்டறையின் யோசனை," என்றார் மேலாளர், முகம் மாறாமல்.

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. பட்டைகளுக்குப் பக்கத்தில் அமைச்சர் சிரித்தபடி நிற்கும் படத்தைப் பொறியாளருக்கு அனுப்பினேன்.

"பட்டைங்க நேரா வந்திருக்கு அண்ணா," என்று பதில் வந்தது.