புல்டோசர் படிப்பும் மாற்றுக் கலியாணமும்

புல்டோசர் திருத்தப் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது அண்ணன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அவர் கரண்ட் பில் வந்த உறையைத் திருப்பி வைத்து, பேனாவைத் திறந்து, "சொல்லு, எவ்வளவு காசு முடியும்?" என்று கேட்டார்.

எண்பத்துமூன்றில் கொழும்பு எரிந்ததற்கு அடுத்த வருடம் நான் நியூசிலாந்துக்கு, ஆக்லாந்துக்கு வந்தவன். எனக்கு முன்பே வந்து, ஒரு இன்ஷூரன்ஸ் ஒஃபீஸில் டை கட்டி வேலை பார்த்த அண்ணன்தான் என்னை ஸ்பொன்சர் செய்தார். மவுண்ட் ஆல்பர்ட்டில், மழைக்கு ஊறிப் பலகைகள் முனகும் ஒரு பழைய மரவீட்டில் இருந்தோம். நான் காலை ரயிலில் நகரத்துக்குப் போய், அங்கே மாறி, தெற்கே தகனினி என்ற இடத்துக்குப் போவேன். புல்டோசர்களையும் மண் தோண்டும் டிகர்களையும் வாடகைக்கு விடும் ஒரு பெரிய யார்ட்டில் சேறு கழுவுவதுதான் வேலை. தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி ஒவ்வொரு இயந்திரமாகச் சுற்றி வருவேன்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இதை எங்கள் ஆட்களிடம் அன்றைக்குச் சொல்ல முடியாது, இன்றைக்கும் சொன்னால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். கழுவும்போது எந்தக் குழாயில் எண்ணெய் கசிகிறது, எந்தச் சங்கிலி தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து ஃபோர்மனிடம் சொல்வேன். நாலைந்து தடவை சொன்ன பிறகு அவர் என்னைக் கூப்பிட்டு, பாலிடெக்னிக்கில் கனரக இயந்திரப் பராமரிப்புக்கு மூன்று வருடப் படிப்பு இருக்கிறது, முதல் வருடம் முழுநேரமாகப் படி, மற்ற இரண்டு வருடமும் இங்கேயே வேலை செய்துகொண்டு படிக்கலாம், உனக்கு ஒரு இடம் வைத்திருக்கிறேன் என்றார். அன்று ரயிலில் ஒரு சீட்டில் இருக்க முடியாமல் நின்றுகொண்டே வந்தேன்.

அண்ணன் உறையில் கோடு கிழித்தார். இடப்பக்கம் செலவு. படிப்புக் காசு, ஸ்பானர், சுத்தியலோடு சொந்தமாக வாங்க வேண்டிய ஆயுதப் பெட்டி, இரும்பு வைத்த சப்பாத்து, முதல் வருடம் இல்லாமல் போகும் சம்பளம். வலப்பக்கம் வரவு. ஃபோர்மன் சொன்ன சம்பளம், சனிக்கிழமை ஓவர்டைம். இரண்டு தரம் கூட்டினார். படிப்பு முடிகிற வருடமே என் சம்பளம் அவருடையதைத் தாண்டிவிட்டது. டையைத் தளர்த்திக்கொண்டார். பாவம், அந்த டைக்காக அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

"சம்பளத்தை மட்டும் பார்த்தால் போதாது," என்றார். பிறகு அம்மாவின் கடிதத்தை எடுத்தார்.

அக்காவுக்கு முப்பத்தொரு வயதாகிவிட்டது. சீதனம் கொடுக்க எங்களிடம் ஒன்றுமில்லை. இப்போது ஒரு மாற்றுச் சம்பந்தம் வந்திருக்கிறது. அவர்களுடைய மகன் அக்காவைக் கட்டுவான், அவர்களுடைய மகளை நான் கட்ட வேண்டும். பெண் கொடுத்துப் பெண் எடுப்பதால் இரண்டு பக்கமும் சீதனம் இல்லை.

"வெளிநாட்டு மாப்பிள்ளை எண்டால் ஒஃபீஸ் மாப்பிள்ளையாய் இருக்கவேணுமாம். எண்ணெய்ச் சட்டையோட நிக்கிறவனுக்கு ஆர் பொம்பிளை தருவினம்? அக்கவுண்ட்ஸ் படி. படிக்கிறான் எண்டு நான் எழுதிவிடுறன்," என்றார் அண்ணன்.

"அக்கா என்ன சொல்லுறா?"

"அவளுக்கு அந்தப் பெடியனில விருப்பமாம். உன்ர முடிவு ஒண்டுதான் மிச்சம். நீ மாட்டனெண்டால் அவள் வீட்டோட கிடக்கவேண்டியதுதான்."

தலையாட்டினேன். மறுநாள் ஃபோர்மனிடம் போய் வேண்டாம் என்றேன். அவர் காரணம் கேட்டார். அக்காவுக்குக் கலியாணம் என்றேன். நல்ல விஷயம், அதற்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். அந்த மனிதனுக்கு விளங்கப்படுத்த என் இங்கிலீஷ் போதவில்லை. தமிழில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனோ தெரியாது. திங்கள் வரை இடத்தை வைத்திருக்கிறேன் என்றார். திங்கட்கிழமை நான் வேலைக்கே போகவில்லை.

பகலில் யார்ட்டில் கழுவிக்கொண்டு, மாலை வகுப்பில் அக்கவுண்ட்ஸ் படித்தேன். எனக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம். இரண்டு பாடத்தைத் திரும்பத் திரும்ப எழுதி, ஒரு கம்பளிக் கிடங்கின் ஒஃபீஸில் பேரேடு எழுதச் சேர்ந்தேன். கழுவுகிறவனுக்குக் கொடுத்த சம்பளத்தைவிட அங்கே குறைவு. ஆனால் அம்மா ஊர் முழுக்கச் சொல்லக்கூடிய வேலை. கொழும்புக்குப் போனேன்; ஒரே மண்டபத்தில், ஒரே நாளில், இரண்டு தாலியும் ஏறின. மணவறையில் அக்கா தலை குனிந்தபடியே இருந்தாள். வெட்கம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்கு அவள்மேல் கொஞ்சம் எரிச்சல்கூட இருந்தது. எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறேன், நிமிர்ந்து ஒரு தரம் என்னைப் பார்த்தால் என்ன?

எண்பதுகள் முடியப் போகும் நேரத்தில் அக்காவும் அத்தானும் இங்கே வந்து சேர்ந்தார்கள். பிளாக்ஹவுஸ் பே பகுதியில் ரென்டுக்கு ஒரு சின்ன வீடு. அத்தான் ஊரில் வங்கியில் இருந்தவர். இங்கே எழுதிப் போட்ட இடமெல்லாம் உள்ளூர் அனுபவம் இல்லை என்று பதில் வந்தது, சில இடங்களில் பதிலே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் பாலிடெக்னிக் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். கனரக இயந்திரப் பராமரிப்பு என்ற பக்கத்தின் மூலை மடித்திருந்தது.

"நல்ல யோசினை," என்றார் அண்ணன். "இஞ்சை அதுதான் காசு."

கையிலிருந்த சோற்றைக் கோப்பையிலேயே போட்டேன். "அப்ப எனக்கு மட்டும் ஏன் வேண்டாமெண்டனீங்கள்?"

அண்ணன் மோர்மிளகாயைக் கடித்தபடி, கோபமே இல்லாமல் சொன்னார். "நீ அப்ப கலியாணம் கட்டேல்லை. அத்தான் கட்டிட்டார். இனி என்ன வேலை செய்தாலும் ஆர் வந்து கேக்கப்போகினம்?"

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். எங்கள் ஆட்களுக்குப் படிப்பு என்பது கலியாணப் பந்தல்வரை கட்டிக்கொண்டு போகும் பட்டுவேட்டி.

"மச்சான், நீர்தானே கணக்குக்காரன். இது தோதுப்படுமோ எண்டு ஒருக்காப் பாரும்," என்று அத்தான் புத்தகத்தை என்னிடம் தந்தார். பார்த்தேன். படிப்புக் காசு கூடியிருந்தது. பங்குச் சந்தை விழுந்து இரண்டு வருடமாய் நகரத்தில் கட்டிடங்கள் பாதியில் நின்றன, ஆனாலும் பழைய இயந்திரங்களைத் திருத்தித்தானே ஓட்டுவார்கள். போட்ட காசு மூன்று வருடத்தில் திரும்பி வந்துவிடும் என்று வாய் கசக்கச் சொன்னேன்.

சாப்பிட்ட கோப்பையைக் கழுவக் குசினிக்குப் போனேன். அக்கா அங்கே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நீயும் இதைத்தானே படிக்க வெளிக்கிட்டனி? பிறகேன் விட்டனி?" என்றாள். சும்மா கேட்டாள். எனக்கு அடக்க முடியவில்லை.

"உனக்காகத்தான். நீ விரும்பின கலியாணம் குழம்பக் கூடாதெண்டு."

அக்கா கேத்தலைக் கீழே வைத்தாள். "நான் விரும்பினதோ? ஆர் சொன்னது? நான் மாட்டனெண்டு அழுதுகொண்டு இருந்தனான். நீ உனக்குப் பேசின பிள்ளையின்ர போட்டோவை வைச்சுக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கிறாய் எண்டு அண்ணா எழுதினவர். உன்ர ஆசை கெடக்கூடாதெண்டுதான் ஓமெண்டனான்."

அந்தப் போட்டோவை நான் முதல் தரம் பார்த்ததே கலியாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதுதான்.

"அத்தானைப் பிடிக்கேல்லையோ?"

"அவர் பாவம். அவரில ஒரு பிழையுமில்லை," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை எடுத்தாள்.

முன்னறையில் என் மனைவி எதற்கோ சிரித்தாள். அவளிலும் ஒரு பிழையும் இல்லை. அண்ணனைப் பிடித்து உலுப்பிக் கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டால் இரண்டு குடும்பம் உடையும், அதனால் இன்றுவரை கேட்கவில்லை. அவரை மட்டும் குற்றம் சொல்லவும் எனக்கு முகமில்லை. தம்பிக்காரன் அக்காவிடம் கலியாணத்தைப் பற்றிக் கேட்பது எங்கள் வீடுகளில் வழக்கமில்லை என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். உனக்கு விருப்பமா என்று அவளிடம் கேட்டு எழுத எனக்கு ஒரு ஏரோகிராம் கடிதத்தின் காசுதான் முடிந்திருக்கும்.